குறுக்கே விழுந்த தூண்டில்

வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றே கால் வீங்கிப்போகும் நர்ஸம்மாவுக்கு, விடுமுறை நாளில் ஏரிக்கரைதான் கதி. அன்றும் விடிந்ததுமே வந்து தூண்டில் போட்டிருந்தாள். எட்டு மணிக்கு ஒரு தொப்பிக்காரர் வந்தார். அவ்வளவு நீளக் கரை காலியாகக் கிடக்க, அவளுக்குப் பக்கத்திலேயே நின்று, அவள் தூண்டில் நரம்புக்குக் குறுக்கே தன் தூண்டிலை வீசினார். இரண்டும் சிக்கிக்கொண்டன.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்."

"ஏரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போனால் நாளைக்கு இன்னொருவரிடமும் இதைத்தான் செய்வார். அவர் நரம்பை அறுத்துவிட அவளிடம் கத்தி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பொறுமையாகச் சிக்கைப் பிரித்து, அவருடைய முள்ளை அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் மறுபடி குறுக்கே வீசினார். அவள் மறுபடி பிரித்துக் கொடுத்தாள். நான்காவது தடவை அவர் முகம் சிறுத்துவிட்டது.

"விடவே மாட்டியாம்மா நீ?"

"எனக்கு இன்னிக்குப் பூரா லீவுதாண்ணே."

அவர் முணுமுணுத்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஐம்பதடி தள்ளிப் போனார். அவள் புதுப் புழுவைக் கோத்து, அதே இடத்தில் வீசினாள்.