ஈரக் கைக்குட்டைக்கு ஓர் அட்டைப்படம்

தனபால் எங்கள் பேனர் கடைக்குள் பேசிக்கொண்டே நுழைந்தபோது, ஒரு காதுகுத்து விழாவுக்காகத் தாய்மாமன்களின் படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே அவன்தான் என்று தெரிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாக உள்ளூர் கேபிளில் அந்தக் குரல் அழுது அழுது பாடியதைக் கேட்டிருக்கிறேன்.

"பொங்கலுக்கு ஆல்பம் ரிலீஸ் பண்றமுங்க. சிடி கவரும் பேனரும் வேணும்" என்றான் முதலாளியிடம்.

முதலாளி ஆரோக்கியராஜ் தூத்துக்குடிக்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க தம்பி. டிசைன் பூரா அவ கைதான்" என்றார்.

தனபால் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் பத்தாவது முடித்த கோடையில், முதலிபாளையத்தில் அவன் அப்பா கந்தப்பனின் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினேன். எங்கப்பா சுடலை அங்கே அயர்ன் மாஸ்டர். தனபால் அப்போது கோயம்புத்தூரில் படம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் படிப்பில் சேர்ந்திருந்தான். ஒரு நாள் கேமராவோடு செக்கிங் டேபிள் பக்கம் வந்தான். "இந்தா புள்ள, வெளிச்சம் பாக்கோணும். கொஞ்சம் திரும்பிச் சிரி" என்றான். யாராவது என்னை உற்றுப் பார்த்தாலே கூச்சத்தில் சிரிப்பு வந்துவிடும் எனக்கு. சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். தீபாவளி நேரத்தில் கேபிளில் அந்தப் பாட்டு வந்தது. தனபால் தாடியோடு தண்ணீர் லாரி பொழிந்த மழையில் நனைகிறான். உடனே நான் திரும்பிச் சிரிக்கிறேன். அடுத்து, சிவப்பு நகப்பூச்சு போட்ட ஒரு கை கைக்குட்டையைச் சேற்றில் போட்டுவிட்டு எவனோ ஒருவனின் பைக்கில் ஏறுகிறது. அது யார் கையோ. ஆனால் என் முகத்துக்கு அடுத்து வந்ததால் என் கை ஆகிவிட்டது. 'கைக்குட்டை கேட்டு வந்தேன், கண்ணீரைக் கொடுத்துப் போனா' என்று பாட்டு.

பள்ளிக்கூடம் போகும் வழியில் நாகஜோதி என்ற என் பெயர் 'கைக்குட்டை' ஆயிற்று. டீக்கடையில் ஒருவன் முதல் அடியைப் பாடினால், ஒர்க்‌ஷாப்பில் இன்னொருவன் இரண்டாவதை முடிப்பான். அப்பா வீட்டில் என் விரல்களைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். "அது என் கையி இல்லப்பா" என்றேன். நகத்தில் ஒன்றும் இல்லைதான். "அழிச்சிருப்பா" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அப்பா அந்தக் கம்பெனியை விட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார். அம்மா அழுது பார்த்தும் நடக்கவில்லை. ஒரு வருடம் கழித்து, ரோஸ்மேரி அக்கா தன் புருஷன் அண்ணாச்சியின் இந்தக் கடையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் கொடுத்தாள். அங்கே என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

"முன்னட்டைல நானு" என்று தனபால் ஆரம்பித்தான். "பிளாக் அண்ட் ஒயிட். பின்னாடி கும்மிருட்டு. ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி எரியோணும். ரோஜா இதழ் உதுந்து கெடக்கறமாட்ட இருக்கோணும். பாக்கறவனுக்கு நெஞ்சடைக்கோணும் பாத்துக்க."

தலையாட்டினேன்.

"லவ் பெயிலியர் ஆல்பம்னா இதெல்லாம் கட்டாயம். எங்க சாரு கிளாஸ்லயே போட்டுக் காட்டுனாரு. குத்துப்பாட்டுன்னா கலர் லைட்டு. கிராமத்துப் பாட்டுன்னா வயக்காடு. இதுக்குத் தாடி, மழை, சிரிக்கிற பொண்ணு. எல்லாம் கரெக்டா வெச்சேன்னு எனக்குத்தான் பர்ஸ்ட் மார்க்கு."

"பின்னட்டைல?"

அவன் கொண்டுவந்த சிடியைப் போட்டு ஓடவிட்டான். ஓரிடத்தில் நிறுத்தினான். திரை முழுக்க நான். கையில் பிசிறு வெட்டும் கத்தரி, நெற்றியில் பஞ்சுத் தூசி, சிரிப்பு.

"இந்தப் புள்ள மூஞ்சி. பெருசா வரோணும். காலேஜ் காலேஜா குடுக்கப் போறோம்."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இவங்ககிட்ட கேட்டீங்களா?"

"யாருகிட்ட?" அவன் சிரித்தான். "அது எங்க கம்பெனில பிசிறு வெட்டுன புள்ள. அதுக்கென்ன தெரியும்?"

"இந்தப் படம் இல்லாம பண்ணலாமுங்களா?"

"நல்லாச் சொன்ன போ. ஏமாத்துனவ சிரிக்கலீன்னா நான் எதுக்குன்னு அழுவேன்?"

அதற்குப் பிறகு நான் கெஞ்சவில்லை. இந்தப் பாட்டை இந்த ஊரில் எவனும் வாய் திறந்து பாடக் கூடாது, என் முகம் ஒரு சிடியில்கூட வெளியே போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதை எப்படிச் செய்வது என்பதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டிருந்தான்.

எங்கள் கடையிலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. பூப்பு நன்னீராட்டு என்றால் ஊஞ்சல், மயில். கட்சிக்காரர் பிறந்தநாள் என்றால் பாய்கிற சிங்கம். கண்ணீர் அஞ்சலி என்றால் கறுப்புப் பின்னணி, நடுவே முட்டை வடிவத்துக்குள் கறுப்பு வெள்ளைப் படம், இருபுறமும் மெழுகுவர்த்தி, கீழே உதிர்ந்த பூ, பெயர், படிப்பு, தேதி. அதற்கும் கீழே வட்ட வட்டமாக நண்பர்களின் முகங்கள். எழுத்துத் தெரியாதவர்கள்கூடப் பஸ்ஸில் போகும்போதே பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். காரியம் முடிந்த பின் அந்த பேனரை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. ஊருக்கு வெளியே எரித்துவிடுவார்கள். தப்பாக அச்சான அஞ்சலியைக் கடைக்குள் வைப்பதற்குக்கூட அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார்.

கம்ப்யூட்டரில் அஞ்சலிச் சட்டகத்தைத் திறந்து, அதற்குள் தனபாலை வைத்தேன்.

அவன் சொல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை. பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடச் சொன்னான், போட்டேன். ரிலீஸ் தேதி வேண்டும் என்றான், பெயருக்கு நேர் கீழே, காரியத் தேதி வரும் இடத்தில் வைத்தேன். "பசங்க போட்டோ இல்லீன்னா கோவிச்சுக்குவானுங்க" என்று நண்பர்களின் படங்களைக் கொடுத்தான். அவர்களை வட்டங்களாக்கிக் கீழே உட்கார வைத்தேன். 'ஈரக் கைக்குட்டை' என்ற ஆல்பத்தின் பெயரை மட்டும், அவன் கேட்ட மாதிரியே, நனைந்து ஒழுகும் ஸ்டைல் எழுத்தில் மூலையில் எழுதினேன். கூர்ந்து பார்த்தால்தான் படிக்க முடியும். என் முகம் வர வேண்டிய பின்னட்டையை இன்னும் தொடவே இல்லை.

திரையில் உள்ளங்கை அளவில் காட்டினேன். அந்த அளவில் அது நல்ல சிடி கவர்தான்.

"சூப்பர்" என்றான். தன் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இதையே பேனருக்கும் போட்டுரு. காலேஜுக்கு ஒண்ணு."

"உங்க சொந்த ஊரு எதுங்க?"

"குண்டடம். ஏன்?"

"அங்க நாலு ரோட்டுல பெருசா ஒண்ணு கட்டுனா சனங்க பாப்பாங்க. முதலிபாளையம் கம்பெனிக்கு முன்னாலயும் ஒண்ணு."

என் வாழ்க்கையில் ஒரு வெளியாளிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவன் முகம் மலர்ந்தது. "வெவரமான புள்ளதான் நீ" என்றான்.

பேனர் கட்டுகிற முனீஸ் அண்ணன், அச்சானதைச் சுருட்டும்போதே உச்சுக்கொட்டினார். "சின்னப் பையனாச்சேட்டி. பைக்குல அடிபட்டா செத்தான்?"

"கட்ட வேண்டிய எடத்துல கட்டுங்கண்ணே" என்றேன். அஞ்சலி பேனர்கள் கட்டும் மூங்கில்கள் குண்டடத்தில் எங்கே நிற்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மத்தியானம் முனீஸ் அண்ணன் ஓடிவந்து கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பையன் சாகலையாம்."

"எந்தப் பையன்ல?"

"நேத்து கட்டுனோம்லா, அவந்தான். குண்டடத்துல இருந்து ஒரு வேன் நெறைய சொந்தக்காரவ மாலையோட வந்து எறங்கிட்டாவ. அவன் வீட்டு வாசல்லயே மாரடிச்சு ஒப்பாரி. இவன் மாடியில இருந்து வாயில பல்லு வெளக்குற நொரையோட எறங்கி வாரான். ஒரு கெழவி பேய்னு கத்திட்டு மயங்கி விழுந்துட்டா."

ரோஸ்மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?" என்றார் அண்ணாச்சி.

"எழவு வீட்டுக்கு எவன் போன் போட்டு, செத்தாரான்னு கேப்பான்? கம்பெனில மிசினெல்லாம் நிப்பாட்டியாச்சு. மெட்டீரியல் குடுக்க வந்தவன்கூட கேட்டுல மாலை போட்டுட்டுப் போயிருக்கான்."

அண்ணாச்சி மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஏளா, வேணும்னே செஞ்சியா?"

"அவர் சொன்னதத்தான் செஞ்சேன் அண்ணாச்சி."

கொஞ்ச நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. தனபாலும் அவன் அம்மா கமலாம்பாளும் இறங்கினார்கள். அந்த அம்மாளின் கண்கள் வீங்கியிருந்தன. மகன் உயிரோடு பக்கத்தில் நின்றும், அவன் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"இதைப் பண்ணுனது யாருங்க?"

எழுந்து நின்றேன். "நாந்தானுங்கம்மா."

மகன் கண்டுபிடிக்காததை அந்த அம்மாள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். "நீ அந்தப் பாட்டுல சிரிக்கிற புள்ளதான?"

தனபால் அப்போதுதான் என்னை முதன்முதலாகப் பார்த்தான்.

"என்ற பையன ஏமாத்திப்போட்டுப் போனது பத்தாதா உனக்கு? இன்னைக்கு அவனுக்கு மாலையும் போட வெச்சுட்டயா? டிவியில உன்ற மூஞ்சி வர்றப்பெல்லாம், இவ நல்லா இருப்பாளான்னு நான் வையாத நாளில்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெற்ற தாயும் அந்தப் பாட்டை நம்பியிருக்கிறாள். தாடியை நம்பியிருக்கிறாள், தண்ணீர் லாரி மழையை நம்பியிருக்கிறாள், அந்தச் சிவப்பு நகத்தையும் நம்பியிருக்கிறாள். நேராக அவர் கண்ணைப் பார்த்தேன்.

"உங்க பையன் சாகலீங்கம்மா. நான் அவர ஏமாத்தவும் இல்லீங்க. அவருகூட நான் பேசுனதே இல்ல. ரெண்டும் அவர் சொன்னபடி பண்ணுன படந்தானுங்க. அவரு படத்த நம்பி ஒரு வேன் ஆளு அழுதாங்க. எம் படத்த நம்பி எங்கப்பா என்னைப் படிப்ப விட்டு நிறுத்துனாரு."



கமலாம்பாள் மகன் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளையோட பழகுனியா?"

"பாட்டுக்காக எடுத்ததும்மா. வெளிச்சம் பாக்கறதுக்குன்னு..."

"பேரென்ன இவளுக்கு?"

தனபால் அண்ணாச்சியைப் பார்த்தான். பாட்டில் அவனை அழவைத்தவளின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாள் அவன் சட்டைக் கையை விட்டுவிட்டார். "அந்தப் பாட்டு எங்கெங்க இருக்குதோ அத்தனையும் இன்னைக்கே எடுத்துட்டு வந்து சேரு. ஒப்பாரி வெச்சதுல ஒரு துண்டுகூட என்ற ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"அம்மா, எத்தனை சிடி தெரியுமா? காலேஜுக்குக் குடுக்கோணும்னு அடிச்சு வெச்சது..."

"உன்னைய எரிக்கப் போறாங்கன்னு நெனச்சுத்தானடா அழுதேன். சிடிய எரிக்கறதுக்கு என்ன?"

என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது ஒருமுறை மட்டும் திரும்பி என் கைகளைப் பார்த்தார். நகங்களைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை கம்பெனிக்குப் பின்னாலுள்ள பொட்டலில் பேனர்களும் சிடிகளும் ஒன்றாக எரிந்தன. ஃபிளெக்ஸ் எரிந்த நாற்றம் எங்கள் தெரு வரை வந்ததாக அம்மா சொன்னாள். கேபிள்காரருக்குக் கந்தப்பனே போன் போட்டார். அந்தப் பாட்டு அதோடு நின்றது. செத்துப்போனதாக அழுது முடித்த ஒருவனின் பாட்டைப் பாட டீக்கடையிலும் யாருக்கும் தைரியம் வரவில்லை. என் பெயர் மறுபடி நாகஜோதி ஆனது. தனபாலின் பெயர்தான் மாறியது. குண்டடத்தில் 'அஞ்சலி' என்று சொன்னால் இப்போது எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரியும்.

பள்ளிக்கூடம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் எனக்குப் பாவம் புண்ணியம் என்றெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஃபைலை அழித்துவிடும்படி அண்ணாச்சி சொன்னார். அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை.

போன மாதம் தனபாலுக்குக் கல்யாணம். முனீஸ் அண்ணன் மண்டபத்துக்கு வேறு வேலையாகப் போய்விட்டு வந்தார்.

"மண்டபத்துக்கு வெளிய ஒத்த பேனர் இல்லட்டி. பொண்ணு படம்கூட இல்ல. இவன் படத்த எதுலயும் போடக் கூடாதுன்னு அவங்கம்மா ஒரே பிடியா நின்னுட்டாவளாம். பத்திரிகையிலகூட போட்டோ கெடையாது. பந்தல்ல ஒரு வாழமரந்தான் நிக்கி."

ஊரெல்லாம் தன் முகம் தெரிய வேண்டும் என்று அலைந்தவன் அவன்.

முனீஸ் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை யாரும் என்னைத் திரும்பிச் சிரி என்று சொல்லவில்லை.