விலை போடாத பெயர்

உளுந்தூர்பேட்டை கூட்டு ரோட்டில், ஒரு பரோட்டா கடையின் மாடியில் இருந்தது அம்சவள்ளியின் கம்பெனி. லோடு இறக்கிய லாரி வெறும் வண்டியாகத் திரும்பாதபடி, வருகிற வழியில் வேறு லோடு பிடித்துக் கொடுக்கும் செல்போன் செயலி. அதற்கு அவள் வைத்த பெயர் 'பாவாடை'.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பாவாடைராயன் சாமியின் பெயரை ஆண்பிள்ளைக்கு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். லாரி ஓட்டிய அவள் அப்பனுக்கும் அதுதான் பெயர். சென்னைக் கல்லூரியில் தகப்பன் பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. என்றைக்காவது இதைப் போர்டில் எழுதி மாட்டுகிறேன் பார் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள். டிரைவர் பாவாடை சொன்ன சொல் மாறாதவர் என்று நெடுஞ்சாலைக்கே தெரியும். அந்தப் பெயரை நம்பித்தான் வண்டிக்காரர்கள் வந்தார்கள்.

மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்திலும் கிளை திறக்க வேண்டுமென்பது அவள் ஆசை. கம்பெனியில் பங்கு வாங்கி முதல் போடுவதாகச் சொல்லிச் சென்னையிலிருந்து தெய்வசிகாமணி வந்தார்.

"வெளிநாட்டுல இந்தப் பேரு எடுபடாதும்மா, மாத்திடலாம். கம்ப்யூட்டர், நாற்காலிக்கெல்லாம் விலை போட்டாச்சு. பேருக்கு ஒண்ணும் போடல."

"அப்ப எங்கப்பா பேரு எங்கிட்டயே இருக்கட்டுங்க."

"அது எப்படி? பேரையும் எங்களுக்கு எழுதிக் கொடுத்துடணும். அப்புறம் நீங்க அந்தப் பேர்ல எங்கயும் தொழில் பண்ணக் கூடாது."

அம்சவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விலையே இல்லாத பேர எழுதி வாங்க இன்னாத்துக்குங்க இம்மாம் அவசரம்? நாற்காலிய வுட்டுட்டுப் போனாலும் போவீங்க, பேர வுட மாட்டீங்க. ஏன்னா எல்லாம் அதுலதான் இருக்குது. காபி ஆறிக்கினு இருக்குது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

தேடி வந்த சீதேவியை எட்டி உதைத்தாள் என்று ஊர் பேசியது. பேசட்டும். மறு வருஷம் கடனை உடனை வாங்கி அவளே கிள்ளானுக்குப் போய்ப் பலகையை மாட்டினாள். எதிரே டீக்கடையில் நின்ற தமிழ் லாரிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி அவளிடம் வந்தார்.

"எங்க தாத்தா பேரும் பாவாடைதான். தென்னாற்காட்டுல இருந்து வந்தவரு. கேலி பண்ணுவாங்கன்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல."

"இப்ப சொல்லுங்கண்ணா," என்றாள் அம்சவள்ளி. "சத்தமா சொல்லுங்க."

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார்:

"டேய், அது எங்க தாத்தா பேருடா!"