பாலண்ணையின் லொறி

செவ்வாயும் வெள்ளியும் காலையில் லண்டன் ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவில் பாலண்ணையின் லொறி வந்து நிற்கும். கத்தரிக்காய், வெண்டிக்காய், முருங்கைக்காய் என்று பெட்டி பெட்டியாக ஒவ்வொரு தமிழ்க் கடையின் வாசலிலும் இறக்கிவிட்டுப் போவார்கள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இறக்கியது வாடலாக இருந்தாலும் கடைக்காரர்கள் வாயைத் திறப்பதில்லை.

செல்வமலரும் திறந்ததில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரோல்ஸ், வடை, கொத்துரொட்டி விற்கும் சின்னக் கடை அவளுடையது. போர் நடந்த காலத்தில் இதே பாலண்ணைதான், அதாவது குணபாலன், கடை கடையாக ஏறி இயக்கத்துக்குப் பங்களிப்பு வாங்கினார். போர் முடிந்தது. இயக்கமும் இல்லாமல் போனது. பங்களிப்பு நின்ற அடுத்த ஆண்டே லொறி ஓடத் தொடங்கிவிட்டது. சனத்துக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. கோயில் திருவிழாவில் யார் கடை போடலாம், எந்த மண்டபம் யாருக்குக் கிடைக்கும், யாருடைய கடைக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. ஒருமுறை மளிகைக் கடை ஆனந்தராஜா வேறு இடத்தில் மரக்கறி வாங்கிப் பார்த்தார். மகளின் கலியாணத்துக்குப் பதிவு செய்திருந்த மண்டபம் கடைசி வாரத்தில் இல்லையென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் எதையும் முயன்று பார்க்கவில்லை.

செல்வமலருக்கு இதில் இன்னொரு வலியும் இருந்தது. அவளுடைய சிறுவயதில், இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய ஆண்டில், அவளுடைய அண்ணனை ஊர்ச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். அண்ணன் வேறொரு இயக்கத்தில் இருந்தான். சுட்டவர்கள் குணபாலன் பிற்பாடு சேர்ந்த இயக்கத்துக்காரர்கள். லண்டனில் இதை அவள் கணவரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அண்ணனைக் கொன்றவர்களின் பெயரால் வந்த கைக்கு வருடக்கணக்கில் பங்களிப்புக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சமைக்கும் குசினிக்குள் போய் முகம் கழுவுவாள்.

வத்சலா அந்தக் கடைக்கு வடை வாங்க வந்தவள். சென்னைக்காரி, கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்க உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஒருநாள் செல்வமலர் பாதிப் பெட்டிக் கத்தரிக்காயைக் குப்பையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்க்கா, இவங்ககிட்டயே எதுக்கு வாங்குறீங்க? நீங்க எல்லாக் கடைக்காரங்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சா மார்க்கெட்லேர்ந்து நேரா எடுக்கலாமே."

"நீங்கள் புதுசு. உங்களுக்கு இது விளங்காது, பிள்ளை."

"விளங்குறமாதிரி சொல்லுங்க."

செல்வமலர் சொன்னாள். ஒரு பகுதியைத்தான் சொன்னாள். வத்சலா கடைசி வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஆளுக்கு ஒரு வாக்கு, அதுவும் ரகசிய வாக்கு, கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி, கடை வைத்திருக்கும் யாரும் சேரலாம் என்று விதிகளை விளக்கினாள். அவளுக்குப் பயமே இல்லை என்பது செல்வமலருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது.

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஆனால் செய்தி முழுத் தெருவுக்கும் போய்விட்டது. மறுநாளே குணபாலன் கடைக்குள் வந்து நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர். தலைமயிரை இன்னும் ஒட்ட வெட்டியிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார்.

"தங்கச்சி, கூட்டுறவு ஒண்டு துவங்கப் போறியளாம். நல்ல விஷயம். எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

"இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை, பாலண்ணை."

"எங்கட சனம் ஒற்றுமையா நிக்கோணும். வெளியாளின்ர கதையைக் கேட்டுப் பிரிஞ்சு போய்க் கண்டது போதும்தானே?"

அந்தக் கோடையில் தேர்த் திருவிழாவுக்கு அவள் வழக்கமாகப் போடும் சாப்பாட்டுக் கடைக்கு இடமில்லை என்று கோயிலிலிருந்து சொல்லிவிட்டார்கள். வருடத்தில் அவள் மிகவும் எதிர்பார்த்திருக்கும் நாள் அது. கணவர் பஸ் டிரைவர், ஷிப்ட் முடிந்து வந்து இதைக் கேட்டவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "விடும் மலர். உமக்கேன் தேவையில்லாத வேலை?" விட்டுவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். வத்சலாவின் அழைப்புகளை இரண்டு வாரமாக எடுக்கவில்லை.

அப்போதுதான் யனுஷன் வந்தான், கடையின் பின்பக்கக் கதவால். குணபாலனின் லொறியை ஓட்டுகிறவன். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும்.

"அக்கா, ஒரு விஷயம் கதைக்கலாமோ?"

"பாலண்ணை அனுப்பினவரோ?"

"இல்லையக்கா. அவருக்குத் தெரிஞ்சால் என்ர அறையும் போயிடும். அவற்ற கடைக்கு மேலதானே லொறியில வேலை செய்யிற நாங்கள் நாலு பேரும் இருக்கிறம்."

அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. அவனை உட்காரவும் சொல்லவில்லை. அவன் நின்றபடியே சொன்னான். அகதி விசா கிடைத்த பிறகு, இலங்கைக்குத் திரும்ப முடியாததால் பெண்ணைத் திருச்சிக்கு வரவழைத்து அங்கே போய்க் கலியாணம் கட்டியிருக்கிறான். மனைவி வவுனியாவில். இங்கே கூப்பிடுவதென்றால் சம்பளத்துக்குப் பே சிலிப் காட்ட வேண்டும். குணபாலன் காசாகக் கையில்தான் கொடுக்கிறார். எப்போது கொடுக்கிறார், எவ்வளவு கொடுக்கிறார் என்று எந்தத் தாளிலும் இல்லை.

"உங்கட கூட்டுறவு வந்தால் லொறி ஓட்ட ஆள் வேணும்தானே. ஒழுங்கான பே சிலிப் தந்தால் நான் வாறன். மற்றவையும் வருவினம்."

"வாடின கத்தரிக்காயை எங்கட வாசல்ல இறக்கேக்குள்ள உமக்கு வெக்கமா இருக்கேல்லையோ?"

"இருந்ததக்கா."

அவன் அப்படி உடனே ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் வந்து இறங்கினபோது எனக்கு இஞ்ச ஒரு சனமும் இல்லை," என்றான். "பாலண்ணைதான் அறை தந்தவர். விசா வழக்குக்கு லோயரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவர். காய்ச்சல் எண்டு படுத்தால் அவற்ற மனிசி கஞ்சி கொண்டுவந்து தருவா. அவரைக் கெட்டவர் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா சாகுமட்டும் அவரிட்டையே நிக்கவும் ஏலாது."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்தாள். குணபாலனின் கீழ் இருப்பவர்கள் அவரை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. கடைக்காரர்களுக்கும் அதேதான், வேறு லொறி இல்லை. அவருடைய பலமெல்லாம் இந்த 'வேறு இல்லை'யில்தான் இருந்தது.

அன்று பின்னேரமே வத்சலாவை அழைத்து, லொறியில் வேலை செய்யும் அந்த நாலு பேரையும் கூட்டுறவில் வேலைக்கு எடுக்க வேண்டும் என்றாள்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரிக்கா," என்றாள் வத்சலா. "லாரியை மட்டும் நிறுத்தினா அந்த நாலு பேரும் நாளைக்கு வேற ஏதாவது வழியில வந்து நிப்பாங்க. ஆனா மத்தவங்க ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை. தேவாலயத்தின் பின்புற மண்டபத்தில் நடந்த அடுத்த கூட்டத்துக்கு, சந்தை விலையைக் கேட்டறிந்த கடைக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். லொறிக்காரப் பெடியளையே வேலைக்கு எடுப்போம் என்று செல்வமலர் சொன்னதும் ஆனந்தராஜா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உந்தக் காவாலியளுக்கு எங்கட காசில சம்பளமோ? என்ர பிள்ளை கலியாணத்துக்கு மண்டபமில்லாமல் அழுததை நான் மறப்பனோ? உனக்கென்ன பிள்ளை, நீ ஒண்டும் இழக்கேல்லை. கதைப்பாய்."

செல்வமலர் அவர் பக்கம் திரும்பினாள். சொல்லக்கூடாது என்று இத்தனை வருடம் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"என்ர அண்ணாவைச் சுட்டது பாலண்ணையின்ர இயக்கத்து ஆக்கள்தான், அய்யா. சந்தியில கிடந்தவரைத் தூக்கக்கூட எங்களை விடேல்லை. அம்மா வேலிக்குள்ளாலதான் பாத்துக்கொண்டு நிண்டவ." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நான் ஒருத்தரையும் மன்னிக்கேல்லை. மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேக்கவும் இல்லை. வேலை குடுக்கச் சொல்லித்தான் கேக்கிறன். அந்தப் பெடியளுக்கு மாதம் முடிய ஒரு பே சிலிப் வந்தால் அவை ஏன் பாலண்ணைக்குப் பின்னால திரியப்போயினம்? நாங்கள் வெளியில விட்டால் அவை அவரோடதான் நிப்பினம். பிறகு இன்னொருதருக்கு மண்டபம் இல்லாமல் போகும்."

ஆனந்தராஜா உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து போகும்போது அவளருகே வந்து, "எனக்குத் தெரியாது பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

கூட்டுறவு பதிவானதும் தலைவர் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள். ஆனந்தராஜா நின்றார். குணபாலனும் தன் மளிகைக் கடையின் பெயரில் உறுப்பினராகச் சேர்ந்து, தலைவர் பதவிக்குத் தானே நிற்பதாக அறிவித்தார். பலருடைய முகம் விழுந்துவிட்டது. விதிப்படி அவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்று வத்சலா சொன்னாள். இவ்வளவும் அவருடைய கைக்கே போகப்போகிறது என்றுதான் செல்வமலர் அன்று மண்டபத்துக்குப் போனாள்.

மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை. அதைச் சுற்றித் திரைச்சீலை. மேலே ஒரு பெட்டி. குணபாலன் முன்வரிசையில் இருந்து அதைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கட ஆக்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு? கையை உயர்த்தினால் போதும்தானே?"

அவர் திரும்பி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். இரண்டொரு பேர் தலையாட்டவும் தொடங்கினார்கள். வத்சலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன் செல்வமலர் எழுந்துவிட்டாள்.

"இல்லை, பாலண்ணை. பெட்டியிலதான் போடோணும்."

அந்த மனிதரிடம் அவள் சொன்ன முதல் 'இல்லை' அது. சொல்லிவிட்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "ஓம், பெட்டிதான் நல்லது," என்றார்கள். இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. குணபாலன் தோளைக் குலுக்கினார்.

ஒவ்வொருவராகத் திரைக்குள் போய் வந்தார்கள். சிலர் உள்ளே நெடுநேரம் நின்றார்கள். எண்ணி முடித்ததும் வத்சலா முடிவை வாசித்தாள். ஆனந்தராஜா தலைவர். குணபாலனுக்கு விழுந்தது மிகக் கொஞ்சம். கைதட்ட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

மண்டபம் காலியான பிறகும் குணபாலன் எழும்பவில்லை. செல்வமலர் கதிரைகளை மடித்துக்கொண்டு வந்தாள். அவருடைய வரிசைக்கு வந்ததும் நின்றாள்.

"தங்கச்சி, நான் இந்தச் சனத்துக்கு ஒண்டும் செய்யேல்லையோ?"

"செய்தனீங்கள். செய்ததுக்கு மேல எடுத்தும் போட்டியள்."

அவர் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தார். "உங்கட அண்ணாவைப் பற்றிக் கேள்விப்பட்டன். அப்ப எனக்குப் பதினேழு, பதினெட்டு வயசு. நான் இயக்கத்தில இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ..." என்று தொடங்கினார். ஏதோ பெரிதாக ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து, தான் இருந்த கதிரையைத் தானே மடித்துச் சுவரோடு சாத்திவிட்டுப் போனார். அவளுக்கு வெற்றி பெற்ற மகிழ்ச்சி வரவில்லை. பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததே என்று தன் மேல் கோபமாகவும் இருந்தது.

பெடியளை எடுப்பது பற்றிக் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவர் ஆனந்தராஜாவே. ஒரு மாதம் இழுத்தடித்தார். பிறகு முதலில் யனுஷனை மட்டும் எடுத்தார். அவன் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்து மற்றவர்களையும் எடுத்தார். ஒருவன் மட்டும் வரவில்லை. குணபாலனை விட்டு வர மனமில்லை என்று சொல்லிவிட்டான். அவருடைய லொறி சில காலம் வெறும் வீம்புக்கு ஓடியது. வாங்குவார் இல்லாமல் அதுவும் நின்றது. கோயில் இன்னும் அவர் பக்கத்தவர்களிடம்தான் இருக்கிறது. "அடுத்து அதையும் பாத்துடலாம்க்கா," என்கிறாள் வத்சலா. "மெல்ல, பிள்ளை, மெல்ல," என்று செல்வமலர் சிரிக்கிறாள். யனுஷன் மனைவிக்கு விசாவுக்குப் போட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.

போன மாசி மாதப் பொதுக்கூட்டத்தில் குணபாலன் கையை உயர்த்தினார். யனுஷன் ஓட்டும் கூட்டுறவின் மரக்கறி வான் தன்னுடைய கடைக்குக் கடைசியாகத்தான் வருகிறது, பத்து மணியாகிவிடுகிறது, வாடிக்கையாளர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று முறையிட்டார். உண்மையான குறைதான்.

"எல்லாருக்கும் முதலாவதா வர ஏலுமோ, குணபாலன்?" என்றார் ஆனந்தராஜா. 'அண்ணை' இல்லை. "மாதத்துக்கு மாதம் பாதையை மாத்துவம். உங்கட முறை வரும்."

"சித்திரையிலோ?"

"சித்திரையில தெருவின்ர மற்றப் பக்கம். வைகாசியில பாப்பம்."

"அதென்ன ஞாயம்?" என்று குணபாலன் குரலை உயர்த்தினார். அவர் குரலை உயர்த்தி யாரும் அதுவரை கேட்டதில்லை. ரொட்டிக் கடைக்காரர் திரும்பி, "எனக்கும் போன மாதம் பிந்தித்தான் வந்தது, நான் கத்தினனானோ?" என்றார். ஆளாளுக்குப் பேசினார்கள். வான் வரும் நேரத்தைப் பற்றி அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள், குணபாலனும் சேர்ந்து. செல்வமலர் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். பிறகு அவளும் கையை உயர்த்தி, வெள்ளிக்கிழமைகளில் தனக்கு எட்டு மணிக்கு முன்னம் வெங்காயம் வேண்டும் என்று தன் பங்குக்குச் சண்டையில் இறங்கினாள்.