விலை ஏறினால் ஆளை விடமாட்டார்களாம்

யுரேனியம் விலை ஏறிவிட்டது என்று டிவியில் சொன்ன அன்று, காசிமேட்டில் என்னோடு மீன் விற்கிற பெண்களுக்கெல்லாம் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் போட்டில் போகிறவனுக்குப் பங்குதான் கூலி. மீன் விலை ஏறினால் அவன் பங்கும் ஏறும். என் புருஷன் திலீப், நைஜர் நாட்டில் யுரேனியம் தோண்டுகிற சுரங்கத்தில் வெல்டர். அப்படியென்றால் அவனுக்கும் ஏறத்தானே வேண்டும்? எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

சாயங்காலம் போனில் அவனிடம் சொன்னேன்.

"அடிப் பைத்தியமே! இங்க பங்கும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. வெல ஏற ஏற என்னிய இறுக்கிப் புடிச்சிகினு கீறானுங்க."

பிறகுதான் விவரம் சொன்னான். பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் பக்கத்து நாட்டு எல்லையை மூடிவிட்டார்கள். கப்பல் ஏற்றுகிற துறைமுகம் அந்தப் பக்கம்தான். தோண்டி, அரைத்து, பவுடராக்கி டிரம்மில் அடைத்த சரக்கு வெளியே போக வழியில்லை. உள்ளே வரவேண்டிய கெமிக்கலும் வரவில்லை. ஆலை நின்றுபோனது. ஒரு நாட்டில் இப்படி, நாளைக்கு இன்னொரு நாட்டில் என்ன ஆகுமோ என்று பயந்து, அணுமின் கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டு வாங்க, விலை கிடுகிடுவென்று ஏறுகிறது. எல்லை திறந்ததும் ஆலையை ஓட்டி அந்த விலையைப் பிடித்துவிட வேண்டுமாம். அதற்கு வெல்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். வெள்ளைக்காரர்களைப் பிளேன் வைத்து அனுப்பிவிட்டார்கள். இவனுடைய பாஸ்போர்ட்டையோ, இவனை வேலைக்கு எடுத்த கான்டிராக்டர் பூட்டி வைத்துக்கொண்டான்.

"துப்பாக்கி சத்தம் கேக்குதாய்யா?"

"எப்பனா கேக்கும். நீ பயப்படாத மங்கை."

பயப்படாமல் என்ன செய்வது? அன்றைக்கு வாங்கிக் கொடுத்த டீயை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் கூடையைக்கூட இறக்காமல் கல்மண்டபத்துக்குப் போனேன். திலீப்பை அனுப்பிவைத்த ஏஜெண்ட் வில்சனின் ஆபீஸ் அங்கேதான். ஏசி போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி, அது அந்த நாட்டுப் பிரச்சினம்மா. பார்டர் தொறந்தா வந்துடுவான்."

"பார்டர்ல நடந்தா வரப்போறான்? பிளேன் போய் வந்துகினுதான கீது? பாஸ்போர்ட்ட குடுக்கச் சொல்லு."

"என் கையில இன்னா கீது?"

அவன் தலைக்கு மேல் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நமீபியாவுக்கு வெல்டர்கள் அவசரமாகத் தேவை. அது என்ன என்று கேட்டேன். பெருமையாகவே சொன்னான்.

"அதுவும் யுரேனியம்தான். வெல இல்லன்னு மூடிப் போட்ட சுரங்கத்தெல்லாம் இப்ப தொறக்கறாங்க. நைஜர் படுத்துச்சா, நமீபியா எழுந்துகிச்சு! நம்ம கான்டிராக்டர்தான் அங்கயும் ஆள் எடுக்கறாரு. ஞாயித்துக்கெழம காலடிப்பேட்டையில டெஸ்ட்."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. இருக்கிற ஆளை விடமாட்டானாம், புது ஆளுக்கு வலை வீசுவானாம்! ஆனால் படி இறங்கும்போதே ஒன்று உறைத்தது. அவனுக்கு ஆள் வேண்டும், அதுவும் அவசரமாக. விலை இறங்குவதற்குள் வேண்டும். அவசரத்தில் இருக்கிறவனிடம் பேரம் பேச எனக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் டெஸ்ட் நடக்கிற ஷெட்டுக்குப் போனேன். எண்ணூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எங்கெங்கிருந்தோ வந்த வெல்டர்கள் வெல்டிங் மாஸ்க்கும் ஹோல்டருமாக நின்றார்கள். கான்டிராக்டரின் ஆள் ஒருவன் மும்பையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் நேராக நடுவில் போய் நின்றேன்.

"அல்லாரும் கேளுங்க. உங்கள இட்டுகினு போற அதே ஆளு, எம் புருசன் பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிகினு நைஜர்ல அடச்சி வெச்சிருக்கான். எங்க குப்பத்துல ஒரு போட்டு கரைக்கு வரலன்னா மத்த போட்டு தொழிலுக்குப் போவாது. தேடத்தான் போவும். நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

வில்சன் ஓடிவந்தான். "பேஜாரு பண்ணாதம்மா! வெளிய போ!"

"தொட்டுப் பாரு. அப்பால தெரியும் சேதி!"

வரிசையிலிருந்து ஒருவன் முனகினான். "யக்கா, எங்க வூட்லயும் அடுப்பு எரியணும்ல?"

"எரியட்டும் நைனா. நாளிக்கி உன் பொண்டாட்டி இதே எடத்துல வந்து நிக்க வேணாம்னுதான் கத்தறேன்."

வரிசையில் ஒருவனும் நகரவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது வியாசர்பாடிப் பையன் பாரி, முதல் ஆளாக டெஸ்டுக்கு நின்றவன், வெல்டிங் ஹோல்டரைத் தரையில் வைத்தான்.

"அண்ணன் பாஸ்போர்ட்டு மொதல்ல வரட்டும், சார். அப்பால என்னுத பத்திப் பேசலாம்."

அவன் வைத்ததைப் பார்த்து அடுத்தவன் வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஷெட்டில் ஒருவன் கையிலும் ஹோல்டர் இல்லை. மும்பைக்காரன் இந்தியில் கத்தினான், மிரட்டினான், வேறு ஊரில் ஆள் எடுப்பேன் என்றான். "எட்து பாரேன்," என்றார்கள். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது திலீப் என் போனில் வீடியோவில் வந்தான். கையில் பாஸ்போர்ட். மறுநாள் பிளேனாம். நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஷெட்டில் விசில் பறந்தது. மாஸ்க்குகள் முகத்துக்கு இறங்கின, தீப்பொறி கிளம்பியது. வில்சன் ஆளை அனுப்பி எனக்கு ஜூஸ் வாங்கி வரச் சொன்னான்.

திலீப் மட்டும் சிரிக்கவில்லை.

"மங்கை, எங்கூட ஒடிசாக்காரன் ஒருத்தனும் பீகார்க்காரன் ஒருத்தனும் கீறாங்க. அவங்களுக்குக் குடுக்கல. அவங்கள வுட்டுட்டு எப்டி வர்றது?"

"இன்னாய்யா சொல்ற? நான் இங்க உசுர குடுத்து சண்ட போட்டா, நீ அடுத்தவனப் பத்திப் பேசறியா? பேசாம பிளேன் ஏறு!"

அவன் தோளுக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். என் பாஷை அவர்களுக்குப் புரியாது, ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் புருஷன் வந்துவிடுவான். சத்தியமாகச் சொல்கிறேன், மூடிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன்.

சுவரோரம் மெயின் சுவிட்ச் இருந்தது. போய் இழுத்துவிட்டேன். தீப்பொறியெல்லாம் ஒரே நேரத்தில் செத்தது.

"உம் புருசன்தான் வரானே! இன்னும் இன்னாம்மா வேணும் உனக்கு?" வில்சன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மூணு பாஸ்போர்ட்டையும் இந்த போன்ல காட்டச் சொல்லு. அப்பால போடறேன் கரண்ட்ட."