பதினொரு தடவை

எங்கள் விஸ்கான்சினில் பிப்ரவரிக் குளிரில் துப்பினால் உறைந்து கோலிக்குண்டாகத்தான் தரையில் விழும். நான் துப்பிய கோலியை ஒரு அணில் தூக்கிக்கொண்டு ஓடியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இப்படியெல்லாம் சொல்லித்தான் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். ஓய்வு பெற்றதும் கேட்க ஆளில்லை. அந்தச் சமயத்தில்தான் பேத்தி பிரென்னாவின் கடிதம் என் கைக்கு வந்தது.

பிரென்னாவுக்குப் பதினேழு வயது. மார்பு நீச்சலில் இருநூறு கெஜத்தை இரண்டு நிமிடம் பதினேழு விநாடியில் முடிப்பாள். ஏதாவது ஒரு கல்லூரியின் நீச்சல் அணி எடுத்துக்கொண்டால் உதவித்தொகையோடு படிக்கலாம். இல்லையென்றால் எங்கள் ஊரின் இரண்டு வருடக் கல்லூரிதான். அங்கே நீச்சல் குளமே கிடையாது. கல்லூரி கோச்சுகளுக்குப் பிள்ளைகள் தாங்களே எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் எழுதினால் அவர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அவளும் தானே எழுதினாள், ஐந்தே வரி. எழுத்துப்பிழை பார்த்துத் தன் மின்னஞ்சல் கணக்கிலிருந்தே கோச்சுகளுக்கு அனுப்பிவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டு, ஐஸ்கிரீம் கடை வேலைக்கு ஓடினாள்.

படித்துப் பார்த்தேன். உப்பில்லாத கஞ்சி. 'கடையில் வேலை இருப்பதால் வாரத்துக்கு மூன்று தடவைதான் பயிற்சிக்குப் போக முடிகிறது' என்று வேறு எழுதியிருந்தாள். இதைப் போயா ஒருத்தி வெளியே சொல்வாள்? மூன்றைப் பதினொன்றாக்கினேன். கடிதத்திலேயே விடியற்காலை நாலரைக்கு அவளைக் குளத்தில் இறக்கினேன். ஒன்பது வயதிலிருந்து எடை தூக்க வைத்தேன். ஐஸ்கிரீம் கடையை இழுத்து மூடினேன். விட்டிருந்தால் மீனோடு பந்தயம் விட்டு ஜெயித்ததையும் சேர்த்திருப்பேன், என்னவோ அடக்கிக்கொண்டேன். நேரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்த்துவிடலாம். அனுப்பிவிட்டு அன்று முழுக்க ஒரே குஷி.

மூன்று வாரம் கழித்து நடந்த கிளப் போட்டிக்கு ஒரு கல்லூரி கோச் வந்திருந்தார். ஹாகன் என்று ஒரு அம்மாள். பிரென்னா ஆசைப்பட்ட கல்லூரி. பிரென்னா அன்றும் அதே இரண்டு நிமிடம் பதினேழில் முடித்தாள். அவள் உடை மாற்றப் போனதும் நானே அந்த அம்மாளிடம் போய் நின்றேன். நல்ல பிள்ளை என்று மனசாரப் பாராட்டினார். ஆனால் ஒரே ஒரு இடம்தான் இருந்ததாம். அதை வியாழக்கிழமையே இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்றாம். அவளுக்கும் இரண்டு நிமிடம் பதினேழு விநாடிதானாம்.

"ரெண்டு பேர் நேரமும் ஒண்ணுதானேம்மா, அப்புறம் எப்படி அவ?" என்றேன்.

"அந்தப் பொண்ணு வாரத்துக்கு நாலு தடவைதாங்க நீந்துறா. எங்க கைக்கு வந்தா இன்னும் அஞ்சு விநாடி குறைச்சிடலாம். உங்க பேத்தி பதினொரு தடவை நீந்தி இந்த நேரத்துக்கு வந்திருக்கா. அவகிட்ட இருந்ததையெல்லாம் ஏற்கெனவே பிழிஞ்சு எடுத்தாச்சு. நாங்க எடுக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

உண்மையைச் சொன்னேன். மூன்று தடவைதான், மாற்றி எழுதியது நான்தான் என்றேன்.

"இடம் கிடைக்கலேன்னதும் மூணுங்கறீங்க. நான் எதைங்க நம்பறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. கைகுலுக்கிவிட்டு அடுத்த போட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பிரென்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடனை எதுவும் சேர்க்கவில்லை. அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஈரத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் எழுதினது நல்லாத்தானே தாத்தா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

துண்டை மடித்து மடியில் வைத்தாள்.

"அந்த லெட்டரை எத்தனை காலேஜுக்கு அனுப்புனீங்க?"

என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு எண்ணைக் குறைத்துச் சொல்லத் தோன்றியது. குறைக்கவில்லை.

"முப்பத்தொண்ணு," என்றேன்.