வாங்கும் தராசும் வாடகை விமானமும்

ஆம்பூரில் ஷபீ அஹமதுவின் தோல் ஷாப்பில் இரண்டு தராசுகள் இருந்தன. கிழக்கு வாசலில் இருந்தது வாங்கும் தராசு. உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கினால் அதில்தான் நிறுப்பார்கள். அதில் ஏறிய எந்தத் தோலும் கொஞ்சம் இளைத்துவிடும். மேற்கு வாசலில் இருந்தது விற்கும் தராசு. செருப்பு அடித்தோல் அதில் ஏறித்தான் வெளியே போகும். போகிற அவசரத்திலும் கொஞ்சம் சதை போட்டுக்கொள்ளும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தோல் கொண்டு வருகிறவனுக்கும் தெரியும். அதற்கு ஏற்றபடி அவன் உப்பைக் கூடுதலாக அள்ளிப் போட்டுக்கொண்டு வருவான். இப்படியாக நியாயம் இரண்டு பக்கமும் காப்பாற்றப்பட்டு வந்தது.

1983-ல் இந்த ஒழுங்குக்குள் ஒரு ஆகாய விமானம் வந்து சேர்ந்தது.

காரணம் கெல்லர் துரை. ஜெர்மனியில் ஷூ கம்பெனி வைத்திருந்தவர். ஒரு வருஷத்து ஆர்டரை ஷபீ அஹமதுவுக்குக் கொடுப்பதா, எதிர் ஷாப்பு அப்துல் வஹாபுக்குக் கொடுப்பதா என்று பார்த்துப் போக வந்திருந்தார். வஹாப் முந்திக்கொண்டு துரையை அமிர்திக்கு அழைத்துப் போய் அருவியைக் காட்டினார். அருவியில் தண்ணீர் இல்லை. காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் குரங்குக் கூண்டைக் காட்டினார். குரங்கு துரையின் மூக்குக் கண்ணாடியைப் பறித்து, போட்டுப் பார்த்து, பிடிக்காமல் உடைத்துப் போட்டது.

அன்று இரவு பிரியாணி சாப்பிடும்போது, இந்தப் பக்கத்தில் கோல்ஃப் ஆட இடம் உண்டா என்று துரை பேச்சுக்குக் கேட்டார். ஷபீ அஹமது கோல்ஃப் பார்த்ததில்லை. ஆனால் ஓட்டல் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருந்தார். மேற்குக் கடலோரம் ஒரு தீவு, தீவு முழுக்கப் புல், புல்லின் நடுவே ஒரு கொடி, ஓரத்தில் விமானம் இறங்க ஒரு தளம். இவ்வளவு புல்லை மாடு மேயாமல் விட்டிருக்கிறார்கள் என்றால் அது பெரிய இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

“வஹாப் கார்ல கூட்டிட்டுப் போனான். நாம ஜெட்ல கூட்டிட்டுப் போலாம்” என்றார்.

பெங்களூரில் வாடகை விமானம் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டார்கள். அது ஜெட் அல்ல, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம் என்று அவர்கள் சொன்னார்கள். ஷபீ அஹமது கடைசி வரை அதை ஜெட் என்றே சொன்னார். வாடகை கொடுப்பவர் அவர். பெயர் வைக்கும் உரிமையும் அவருடையது.

ஏற்பாடு முழுவதும் மேனேஜர் கிறிஸ்துராஜின் தலையில் விழுந்தது. வெளிநாட்டுக் கடிதங்களை இங்கிலீஷில் எழுதுவதும், துரைகள் வந்தால் கூடவே நடந்து மொழிபெயர்ப்பதும் அவர் வேலை. ஒல்லியான மனிதர். எப்போதும் டை கட்டுவார். இருபது வருஷமாக அந்த ஷாப்பில் அவர் கேட்காமல் கிடைத்தது வசவு ஒன்றுதான். இந்த முறை, ஆபீஸில் எல்லார் முன்னாலும், முதலாளி சொன்னார்: “மேனேஜர், நீயும் ஏறு. துரைகிட்ட பேச ஆள் வேணும்ல.”

அன்றைக்கே அந்தச் செய்தி கிறிஸ்துராஜின் மனைவி ஜெயபுஷ்பத்துக்குப் போயிற்று. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆகவே மறுநாள் ஊருக்கே போயிற்று. ஹாஸ்பிடல் நர்சுகள் வந்து விசாரித்தார்கள். இத்தனை வருஷம் அவரைத் ‘தோல் ஷாப்பு கிளார்க்கு’ என்று சொல்லிவந்த தலைமையாசிரியர் முதல் தடவையாக ‘மிஸ்டர் கிறிஸ்துராஜ்’ என்றார். சபையில் போதகர் பிரயாணத்துக்காக ஜெபித்தார். திரும்பி வந்த பிறகு கொடுக்க வேண்டிய ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைக்கூட கிறிஸ்துராஜ் புதன்கிழமையே கொடுத்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற அறிவிப்புகளைப் புதனோடு முடித்துவிடுவார்கள். ‘விமானப் பிரயாணத்தில் காத்து நடத்திய கிருபைக்காக’ என்று கவரின் மேல் அழகாக எழுதியிருந்தார். கர்த்தருக்கே முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இனி அவர் பின்வாங்க முடியாது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு விஷயம் கேட்டார்கள். விமானம் வேலூர்ப் பக்கம் அப்துல்லாபுரத்தில் இருக்கிற பழைய ஓடுதளத்தில் இறங்கும். அது குட்டையானது. ஆகவே ஏறுகிறவர்களின் எடையும் சாமான்களின் எடையும் முன்கூட்டியே வேண்டும். அளவுக்கு மேல் போனால் விமானம் எழும்பாது.

கிறிஸ்துராஜ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். முதலாளி, முதலாளியின் மச்சான் ஆபித் பாஷா, கெல்லர் துரை, தான். முதலாளியின் வயிறு அவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் முந்திக்கொண்டு எங்கேயும் வந்து சேரும். மச்சானும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறார். இதற்கு மேல் துரைக்குப் பரிசளிப்பதற்காக ஷாப்பிலேயே தைத்த கோல்ஃப் பை ஒன்று இருந்தது. கோல்ஃப் பையை இவர்கள் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. தங்கள் தோலின் தரம் தெரியட்டும் என்று எருமை அடித்தோலில், பித்தளைக் குமிழ் வைத்து, இரட்டைத் தையல் போட்டுத் தைத்துவிட்டார்கள். காலியாக இருக்கும்போதே அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஒழுங்கான தராசில் நிறுத்தால் ஒரு ஆள் அதிகம். அந்த ஆள் யாராக இருக்கும் என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை.

“கிழக்கு வாசல்லயே நிறுத்துடலாம் முதலாளி. மேக்கால போறதுக்கு வெயில் ஜாஸ்தி” என்றார் கிறிஸ்துராஜ்.

ஷபீ அஹமது வாங்கும் தராசில் ஏறினார். அதை அப்படிச் செய்து வைத்தவரே அவர்தான். ஆனால் முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா ஆபித். வாக்கிங் போறது வீண் போகல. டாக்டர்தான் சும்மா பேஜார் பண்றான்” என்றார். ஊரையெல்லாம் ஏமாற்றுகிற தராசு தன் முதலாளியிடம் மட்டும் உண்மை பேசும் என்று அவர் நம்பினார்.

தராசு வேலை பார்த்த தேவானந்தம், எடையைச் சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில், “உப்புக்குத் தள்ளணுமா சார்?” என்று கேட்டான். கிறிஸ்துராஜ் வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை காலை ஓடுதளத்தில் விமானம் நின்றது. சுற்றிலும் ஆடுகள் மேய்ந்தன. பைலட் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பணக்காரர்கள் எடை விஷயத்தில் சொன்னதை நம்பி ஒருமுறை தென்னை மரத்தின் மட்டையைப் பிய்த்துக்கொண்டு பறந்தவர். அன்றிலிருந்து, ஏறி நின்றால் எடை காட்டுகிற சின்ன மெஷின் ஒன்றைக் கையோடு வைத்திருந்தார். ஷபீ அஹமது அதன்மேல் ஏறியதும் பைலட் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அவரைப் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார். பையை நிறுத்தபோது சிரித்தேவிட்டார். ஒரு ஆள் இறங்க வேண்டும், அல்லது பை இறங்க வேண்டும் என்றார்.

துரை அந்தப் பக்கம் நின்று ஆடுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஷபீ அஹமது மச்சானைப் பார்த்தார். பெண்டாட்டியின் அண்ணன், அவரும் திடீரென்று மலைகளை ரசிக்க ஆரம்பித்திருந்தார். பிறகு பையைப் பார்த்தார். ஷாப்பின் பெயர் அதில் தங்க எழுத்தில் இருந்தது.

“மேனேஜர், நீ நின்னுடு.”

“முதலாளி, துரைகிட்ட இங்கிலீஷ்ல...”

“நான் பாத்துக்கறேன். இங்கிலீஷுக்கு எடை இல்ல. உனக்கு இருக்கு.”

கிறிஸ்துராஜ் குரலைத் தாழ்த்தி, சபையில் ஜெபம்கூடப் பண்ணிவிட்டார்கள் என்றார்.

“நல்லதாப் போச்சு” என்றார் ஷபீ அஹமது. “அது எங்களுக்கும் சேரும்.”

பை கிறிஸ்துராஜின் சீட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பெல்ட் போட்டுவிட்டார்கள். மிஸ்டர் ராஜ் ஏன் வரவில்லை என்று துரை கேட்டார். ஷபீ அஹமது தன் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டி, அவருக்கு ஏரோப்ளேன் என்றால் பயம், ரொம்பப் பயம் என்றார். துரை இரக்கத்தோடு தலையசைத்தார்.

விசிறி சுற்ற ஆரம்பித்ததும் ஆடுகள் பயந்துபோய் ஓடுதளத்தின் நடுவே கூடிக்கொண்டன. ஷபீ அஹமது ஜன்னலுக்குள்ளிருந்து கையைக் காட்டினார். சத்தம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கிறிஸ்துராஜ் புதுக் கோட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, டை தோளுக்குப் பின்னால் பறக்க, விமானத்துக்கு முன்னால் ஓடினார். ஆடுகளும் ஓடின. என்றைக்காவது ஒருநாள் கிழக்கு வாசலுக்கு வந்து சேர வேண்டிய ஆடுகள்தான் அவை. விமானம் அவர் தலைக்கு மேலே எழும்பி ஆம்பூர்ப் பக்கம் திரும்பியது. முதலாளியின் விருப்பப்படி ஊரை இரண்டு தடவை சுற்றிவிட்டுப் போகும்.

பை கொண்டுவந்த வேனில் தேவானந்தம் உட்கார்ந்திருந்தான். யாரிடமும் சொல்லாதே என்று கிறிஸ்துராஜ் கேட்டுக்கொண்டார். “நா இன்னாத்துக்கு சார் சொல்லப் போறேன்” என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

வீட்டுக்குப் போக முடியாது. வேலூரில் ஹாஸ்பிடலுக்கு வருகிறவர்கள் தங்குகிற லாட்ஜில் ரூம் எடுத்தார். பக்கத்து ரூம் வங்காளி உங்களுக்கு எங்கே வியாதி என்று விசாரித்தபோது வயிற்றில் என்றார். தீவு ஓட்டலின் கலர்ப் படப் புத்தகத்தைப் படுத்துக்கொண்டே மனப்பாடம் செய்தார். விமானம் திரும்பி வருகிற சனிக்கிழமை, வீட்டுக்குப் புறப்படுமுன் பஜாரில் ஒரு சங்கு வாங்கினார். அதில் ராமேஸ்வரம் என்று எழுதியிருந்ததைப் பிளேடால் சுரண்டினார். சாயங்காலம் ஜெயபுஷ்பம் அந்தச் சங்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை தன் கிளாஸ் பிள்ளைகள் எல்லாரையும் மைதானத்தில் நிற்க வைத்துக் கைகாட்டச் சொன்னதாகவும், தான் கைக்குட்டையை ஆட்டியதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கவரை வாசித்தார். வழக்கப்படி கிறிஸ்துராஜும் ஜெயபுஷ்பமும் எழுந்து நின்றார்கள். இரண்டு வார்த்தை சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டார். கிறிஸ்துராஜ் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தலைமையாசிரியர் முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேகமெல்லாம் சுண்ணாம்பிலிருந்து எடுத்து உதறிப் போட்ட தோல்போல வெள்ளை வெளேரென்று கிடந்தது என்றார் கிறிஸ்துராஜ். ஆம்பூருக்கு மேலே சுற்றியபோது, பள்ளிக்கூட மைதானத்தில் என் மனைவி கைக்குட்டை ஆட்டுவது எனக்குத் தெரிந்தது என்றார். ஜெயபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் பக்கவாசல் வழியாகக் கெல்லர் துரை உள்ளே வந்தார். துரையும் கிறிஸ்தவராயிற்றே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அனுப்பினால் மரியாதையாக இருக்கும் என்று ஷபீ அஹமது காரோடு அனுப்பியிருந்தார். போதகருக்குச் சந்தோஷம். வாழ்த்துரை கூறும்படி துரையைக் கேட்டுக்கொண்டார். வெளிநாட்டார் பேசினால் மொழிபெயர்ப்பது எப்போதும் கிறிஸ்துராஜ்தான். போதகர் அவரை மேலே வரும்படி கைகாட்டினார்.

துரைக்கு இங்கிலீஷ் தாய்மொழியல்ல. அதனால் ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பேசினார். உங்களோடு ஆராதிப்பதில் மகிழ்ச்சி என்றார். கிறிஸ்துராஜ் அதைத் தமிழில் சொன்னார். இந்த மனிதர் வியாழக்கிழமை ஒரு வீரச் செயல் செய்தார் என்றார். அதையும் சொன்னார்.

“இவருக்கு விமானம் என்றால் மிகவும் பயம் என்று இவருடைய முதலாளி என்னிடம் சொன்னார். இவர் எங்களோடு வரவில்லை. தரையிலேயே நின்றுவிட்டார்” என்றார் துரை.

சபையில் நர்சுகளும் டீச்சர்களும் பாதிக்கு மேல். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“பறந்தபோது கர்த்தர் எங்களோடு இருந்தார் என்கிறார்” என்றார் கிறிஸ்துராஜ்.

“ஆனால் எங்கள் வழியில் ஆடுகள் நின்றபோது இவர் பயத்தை மறந்து, கோட்டைச் சுழற்றிக்கொண்டு எந்திரத்துக்கு முன்னால் ஓடினார். நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் சின்னவராக, இன்னும் சின்னவராக ஆகிக்கொண்டே போனார்.”

“மேலிருந்து பார்த்தால் எல்லாமே சின்னதாகத் தெரிகிறது என்கிறார்.”

துரை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நர்சுகள் வரிசையில் நாலைந்து பேர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள்.

கிறிஸ்துராஜ் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெயபுஷ்பம் அவர் பக்கம் திரும்பாமல், பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“நா ஆட்டின கைக்குட்ட என்ன கலருங்க?”

“வெள்ள.”

ஜெயபுஷ்பம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, இருவருக்கும் நடுவில் வேதப்புத்தகத்தை வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் சபை மரியாதையாக நடந்துகொண்டது. வாசலில் வரிசையாக வந்து கைகொடுத்து, பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று மட்டும் கேட்டார்கள். சௌகரியமாக இருந்தது என்று அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் விமானத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று ஞாயிறு பள்ளிச் சகோதரி கேட்டார். சரி என்றார். தலைமையாசிரியர் கையை விடாமல், “நல்லது, கிளார்க்கு” என்றார்.

கடைசியில் தேவானந்தம் வந்தான். கைகொடுக்கவில்லை.

“துரை ஆர்டர நமக்கே குடுத்துட்டாராம் சார். கார் டிரைவர் சொன்னான். இவ்ளோ விசுவாசமான ஆளுங்க இருக்கற கம்பெனிய பாத்ததே இல்லன்னாராம். முதலாளிக்கு ஒரே குஷி.”

கிறிஸ்துராஜ் டையைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்குப் பேரணாம்பட்டு லோடு வருது” என்றான் தேவானந்தம். “கிழக்கு வாசல் தராசுலயே போட்டுடட்டுமா?”

“அதுலயே போடு” என்றார் கிறிஸ்துராஜ்.