ஐந்தாவது கையெழுத்து

சுவிற்சர்லாந்தின் பேர்ன் பாராளுமன்றத்தில் ஐந்து பேர் சேர்ந்தால்தான் அது ஓர் அணி. அணியில் இல்லாதவருக்குக் குழுக்களில் இடமில்லை. நான்கு பேர் சேர்ந்தால் நான்கு தனி ஆட்கள், அவ்வளவுதான்.

அந்த நால்வரும் என்னைத் தேடி வந்தார்கள். மலை மாநிலத்து ரேட்டோ, இத்தாலிய மொழிக்காரர் ஒருவர், யூரா மாநிலத்து அம்மா ஒருவர், நடுவழிக் கட்சியொன்றில் மிஞ்சியிருந்த ஒரே உறுப்பினர். நான்கு பேருக்கும் நான்கு கட்சி. இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம், தங்கள் ஊரைத் தலைநகரம் மறக்கக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. எம்மன்புரூக்கேயில் பிறந்து, லுசேர்ன் மாநிலத்துச் சின்னக் கட்சியொன்றின் சார்பில் வென்று வந்த ஹரிஷாவாகிய நான் ஐந்தாவது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் அம்மா இருபத்தெட்டு வருடமாக அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறார். காலை ஐந்திலிருந்து எட்டு, மறுபடி மாலை ஐந்திலிருந்து எட்டு. நடுவில் கிடக்கும் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இல்லை, நிம்மதியும் இல்லை. அதை மாற்ற ஒரு பிரேரணை எழுதி வைத்திருந்தேன். அது பொருளாதாரக் குழுவுக்குத்தான் போகும். அங்கே எங்கள் அணிக்கு ஒரே ஓர் இடம்.

நாங்கள் கையெழுத்திட வேண்டிய அணிப் பதிவுத் தாளில் அந்த இடத்துக்கு ரேட்டோவின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. எனக்குச் சுற்றுச்சூழல் குழுவாம்.

"நீங்கள் புதியவர். நான்கு வருடம் பொறுங்கள்," என்றார் ரேட்டோ.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"முதலில் பெயரை மாற்றுங்கள். பிறகு கையெழுத்து."

பன்னிரண்டு மணிக்குள் தாளைச் செயலகத்தில் கொடுக்க வேண்டும். அப்போது பதினொன்றே முக்கால்.

"அணி இல்லாவிட்டால் உங்களுக்கும் ஒரு குழுவும் இல்லை," என்றார் ரேட்டோ.

"இல்லைதான். நான் நேற்று வந்தவள், என்னிடம் இழக்க ஒன்றுமில்லை. நீங்கள் பன்னிரண்டு வருடம் குழுக்களில் இருந்தவர்."

உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் சொன்னேன். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

யூரா அம்மாதான் வாய் திறந்தார். "ரேட்டோ, பெரிய கட்சிகள் சின்ன ஊரைக் காத்திருக்க வைக்கின்றன என்றுதானே இந்த அணியையே தொடங்கினோம்? இப்போது நீங்கள் செய்வது என்ன?"

ரேட்டோவின் முகம் கழுத்துவரை சிவந்தது. தன் பெயரைத் தானே அடித்து, மேலே என் பெயரைக் கிறுக்கினார். நான் பேனாவைத் திறந்து கையெழுத்திட்டேன். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கையில் தாளைக் கொடுத்தோம்.

பின்னேரம் நாலே காலுக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, அந்தக் குழுவிலை இடம் கிடைச்சிட்டுது."

"அவை தந்தவையோ, நீ எடுத்தனியோ?"

"எடுத்தனான்."

"அப்ப சரி. கெதியாச் சட்டத்தைக் கொண்டு வா, பிள்ளை. எனக்கு பஸ் வரப்போகுது, வேலைக்குப் போறன்."